ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் நேரம் பிந்துகிறதா? புளூ பில் போர்டில் படிப்படியாகத் தேடுவோம்

நிமிடத்துக்கு ஒரு முறை சென்சார் அளவைப் பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தால், பதிவாகியிருக்கும் நேரம் நாலைந்து நிமிடம் பின்னால் இருக்கிறது. ஆர்டிஓஎஸ் (வேலைகளைக் குறித்த நேரத்தில் நடத்தும் சிறு இயங்குதளம்) புதிதாகப் பழகும் பலர் உடனே இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்து, மணிக்கு ஒரு தரம் திருத்திவிடுவார்கள். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். நேரம் பிந்துவது பல சமயம் உள்ளே வேறொரு கோளாறு இருப்பதன் அடையாளம். மேலே மேலே திருத்திக்கொண்டிருந்தால் அந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து, எப்படிப் பிந்துகிறது என்று பார்த்துவிட்டால், காரணம் பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள புளூ பில் என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்டிஓஎஸ், 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், நொடிக்கு 1000 டிக் (இயங்குதளம் நேரத்தை எண்ணும் அலகு) என்று வைத்துக்கொள்கிறேன். வேறு கார்டெக்ஸ்-எம் சிப் என்றாலும் முறை இதுதான். ரெஜிஸ்டர் பெயர்களும் எண்களும்தான் மாறும்.

படி 1: பிந்துவது எந்தக் கடிகாரம்?

இந்தப் போர்டில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிக் எண்ணிக்கை. 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து 72 மெகாஹெர்ட்ஸ் உருவாகிறது. சிஸ்டிக் டைமர் அதில் 72,000 துடிப்புக்கு ஒரு முறை இன்டரப்ட் (புராசஸரின் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை) எழுப்புகிறது. கெர்னல் அதை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறது. மற்றொன்று ஆர்டிசி, அதாவது நேரம் காட்டுவதற்கென்றே சிப்பில் உள்ள கடிகாரப் பகுதி. அது 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் தனியாக ஓடுவது. கெர்னல் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்கள் பதிவில் அச்சாகும் நேரம் இவற்றில் எதிலிருந்து வருகிறது என்று கோடில் தேடிப் பாருங்கள். டிக்கை ஆயிரத்தால் வகுத்து நொடியாக்கியிருந்தால் படி 2 முதல் வரிசையாகப் போங்கள். ஆர்டிசியிலிருந்து வந்தால் நேராகக் கிரிஸ்டல் பற்றிய படி 7-க்குப் போகலாம்.

படி 2: அளவிடுங்கள்

விலகலைச் சொல்ல பிபிஎம் என்ற அலகு போதும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 பிபிஎம் என்றால் ஒரு நாளைக்கு 86.4 மில்லிசெகண்ட். 20 பிபிஎம் என்றால் சுமார் 1.7 நொடி. ஒரு சதவீதப் பிழை என்றால் 14 நிமிடம் 24 நொடி. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

ஒரு டாஸ்க் (கெர்னல் ஓட்டும் தனி வேலை) எழுதி, 10 நொடிக்கு ஒரு முறை டிக் எண்ணிக்கையை சீரியல் போர்ட்டில் அனுப்பச் சொல்லுங்கள். கணினியில் ஒவ்வொரு வரி வரும்போதும் கணினியின் நேரத்தையும் சேர்த்துக் கோப்பில் எழுதுங்கள். கணினி என்டிபி (இணையம் வழி சரியான நேரம் பெறும் முறை) மூலம் நேரம் சரிபார்த்துக்கொள்கிறதா என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சீரியல் வழியாக வரும் வரி 10 மில்லிசெகண்ட் வரை முன்பின் ஆகலாம். பத்து நிமிடம் மட்டும் அளந்தால் அதுவே கிட்டத்தட்ட 17 பிபிஎம் பிழையாகத் தெரியும். ஒரு மணி நேரம் அளந்தால் 3 பிபிஎம்முக்குள் அடங்கிவிடும். எனவே குறைந்தது ஒரு மணி நேரம் ஓடட்டும்.

அளக்கும்போது டிபக்கரில் பிரேக்பாயின்ட் வைக்காதீர்கள். புராசஸர் நிற்கும்போது சிஸ்டிக்கும் நின்றுவிடும்.

கணக்கு எளிது: டிக் காட்டும் நேரத்திலிருந்து கணினி காட்டும் நேரத்தைக் கழித்து, கணினி நேரத்தால் வகுத்து, பத்து லட்சத்தால் பெருக்குங்கள். கணினியில் 3600 நொடி கடந்தபோது டிக் 3,598,390 என்றால், 1.61 நொடி குறைவு. அதாவது 447 பிபிஎம் பிந்துகிறது. எந்தச் சாதாரண கிரிஸ்டலும் இவ்வளவு மோசமாக இருக்காது.

பிறகு அந்த வித்தியாசத்தை நேரத்துக்கு எதிராக வரைபடமாகப் போடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். நேர்க்கோடாகச் சரிந்தால் அது அடிப்படை அதிர்வெண்ணின் பிழை. படிக்கட்டு மாதிரி திடீர் திடீரென்று விழுந்தால் டிக் தொலைகிறது. பகலில் ஒரு சரிவும் இரவில் இன்னொரு சரிவும் என்றால் வெப்பநிலை.

படி 3: விலகல் மிகப் பெரிதாக இருந்தால்

சதவீதக் கணக்கில் பிசகினால் அமைப்பைச் சரிபாருங்கள். 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் தொடங்காமல் போனால், சிப் தன் உள் ஆர்சி ஆசிலேட்டரிலேயே (கிரிஸ்டல் அளவுக்குத் துல்லியமில்லாத உள் கடிகார மூலம்) ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் கோடு அதைக் கவனிக்காவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. கடிகார அமைப்பு முடிந்ததும், சிப் உண்மையில் எந்த மூலத்தில் ஓடுகிறது என்று காட்டும் ஸ்டேட்டஸ் பிட்களைப் படித்து அச்சிடுங்கள். கிரிஸ்டல் அளவாகக் கோடில் எழுதியிருப்பதும் போர்டில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் உள்ள வேறொரு போர்டின் புராஜெக்டை நகலெடுத்திருந்தால் நேரம் மடங்குக் கணக்கில் தப்பும்.

சிஸ்டிக்கை நீங்களே அமைத்திருந்தால் ரீலோட் மதிப்பு (எண்ணத் தொடங்கும் எண்; பூஜ்யமும் ஒரு எண்ணிக்கையாகச் சேரும்) 71,999 ஆக இருக்க வேண்டும். 72,000 என்று எழுதினால் ஒவ்வொரு டிக்கிலும் ஒரு துடிப்பு கூடுகிறது. அது சுமார் 14 பிபிஎம், நாளைக்கு 1.2 நொடி. அளவு சிறியது என்பதால் பலர் இதற்குக் கிரிஸ்டலைக் குறை சொல்லிவிடுகிறார்கள்.

படி 4: ஒரே கிரிஸ்டலில் இரண்டு எண்ணிக்கை

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. டிக் ஓடும் அதே 72 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு ஹார்ட்வேர் டைமரையும் இன்டரப்ட் இல்லாமல் ஓடவிடுங்கள். கிரிஸ்டல் தப்பாக இருந்தால் இரண்டும் ஒரே அளவு தப்பும். டிக் மட்டும் பின்தங்கினால் கிரிஸ்டல் நிரபராதி. மென்பொருளில்தான் எண்ணிக்கை தொலைகிறது.

டைமர் 2-ஐ எடுத்து ப்ரீஸ்கேலரில் (கடிகார வேகத்தை, வைத்த எண்ணைவிட ஒன்று கூடுதலான எண்ணால் வகுக்கும் பகுதி) 7199 வையுங்கள். நொடிக்கு 10,000 என்று எண்ணும். 16 பிட் டைமர் என்பதால் 6.5 நொடிக்கு ஒரு முறை சுழன்று பூஜ்யத்துக்கு வரும். ஆகவே நொடிக்கு ஒரு முறை ஓடும் டாஸ்க்கில், போன முறை படித்த மதிப்பை இப்போதைய மதிப்பிலிருந்து 16 பிட் குறியற்ற எண்ணாகக் கழித்து, 64 பிட் கூட்டுத்தொகையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அதைப் பத்தால் வகுத்தால் வந்திருக்க வேண்டிய டிக் எண்ணிக்கை கிடைக்கும். உண்மையான டிக்கை அதிலிருந்து கழித்து அச்சிடுங்கள். ஒன்றிரண்டு டிக் முன்பின் ஊசலாடுவது இயல்பு; தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதுதான் கோளாறு.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஒரு மணி நேரத்துக்குப் பின் டைமர் 3600.04 நொடி என்று காட்டுகிறது. கணினியோடு ஒப்பிட்டால் சுமார் 11 பிபிஎம் முந்துகிறது. கிரிஸ்டலுக்கு அது சாதாரணம். டிக் மட்டும் 1,650 குறைவு. வரைபடத்தில் மணிக்கு 60 படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 27 அல்லது 28 டிக். நிமிடத்துக்கு ஒரு முறை நடக்கும் வேலை எது என்று கேட்டாலே போதும்: பதிவை ஃபிளாஷில் (சிப்பின் நிரந்தர நினைவகம்) எழுதும் வேலை.

படி 5: டிக் எப்படித் தொலைகிறது

சிஸ்டிக் இன்டரப்ட் காத்திருக்கும்போது அது ஒரு கொடி மட்டுமே. எத்தனை முறை எழுந்தது என்ற கணக்கு அதில் கிடையாது. இன்டரப்ட்டைக் கவனிக்க முடியாத நிலை 20 மில்லிசெகண்ட் நீடித்தால் 20 டிக் எழும். கடைசியில் ஒன்றுதான் எண்ணப்படும். மற்ற 19-ம் போனது போனதுதான்.

எஸ்டிஎம்32எஃப்103-இல் ஃபிளாஷின் ஒரு பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரம் முழுக்க, அதே ஃபிளாஷிலிருந்து கோடு படிக்க முயலும் புராசஸர் அப்படியே நிற்கும். டிக் இன்டரப்ட்டின் கோடும் அதே ஃபிளாஷில்தானே இருக்கிறது! நிமிடத்துக்கு ஒரு அழிப்பு என்றால் நாளைக்கு 1,440 அழிப்பு. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நேரம் காணாமல் போகும். ஃபிளாஷுக்கும் இது நல்லதல்ல: இந்தச் சிப்பில் ஒரு பக்கத்துக்கு உறுதியளிக்கப்படுவது 10,000 அழிப்பு. ஒரே பக்கத்தை இப்படி அழித்தால் ஏழு நாளில் அந்த அளவு தீர்ந்துவிடும். பதிவுகளை ரேமில் சேர்த்துவைத்து, ஒரு பக்கம் நிறைந்ததும் எழுதினால் இரண்டு பிரச்சினையும் குறையும்.

இன்டரப்ட்டை நிறுத்திவைக்கும் லைப்ரரிகளும் இதே வேலையைச் செய்யும். டிஹெச்டி22 ஈரப்பத சென்சாரின் 40 பிட்டை மென்பொருளால் படிக்கும் லைப்ரரிகள் பல, 4 மில்லிசெகண்ட் அளவுக்கு இன்டரப்ட்டை மூடிவிடுகின்றன. டபிள்யூஎஸ்2812 வண்ண எல்இடி ஒன்றுக்கு 30 மைக்ரோசெகண்ட்; 100 எல்இடி உள்ள பட்டைக்கு 3 மில்லிசெகண்ட். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று டிக் போகும். எல்இடிக்கு டிஎம்ஏ (புராசஸர் இல்லாமலே தரவை அனுப்பும் வசதி), சென்சாருக்கு டைமர் கேப்சர் (சிக்னல் மாறும் கணத்தை டைமரே குறித்துக்கொள்ளும் வசதி) என்று மாற்றிவிட்டால் இன்டரப்ட்டை மூடத் தேவையே இருக்காது. டிக்கைவிட முன்னுரிமை கூடிய இன்டரப்ட் ஒன்று நீளமாக ஓடினாலும் இதே கதைதான்.

ஷெட்யூலரை (அடுத்து எந்த டாஸ்க் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி) மட்டும் நிறுத்திவைப்பதால் டிக் தொலையாது. கெர்னல் அவற்றைத் தனியாக எண்ணிவைத்து, பிறகு சேர்த்துக்கொள்ளும். பயப்படாமல் பயன்படுத்துங்கள்.

எந்த ஃபங்ஷன் என்று பிடிக்க, சந்தேகப்படும் அழைப்புக்கு முன்னும் பின்னும் படி 4-இன் வித்தியாசத்தைக் குறித்துப் பாருங்கள். தவிர்க்கவே முடியாத இடம் என்றால், டைமர் 2 காட்டும் இடைவெளியைக் கணக்கிட்டு, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் இதற்கென்றே உள்ள கேட்ச்-அப் டிக்ஸ் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். இழந்த டிக்குகளைக் கெர்னல் ஈடுகட்டிக்கொள்ளும்.

படி 6: டிக் சரி, ஆனால் உங்கள் எண்ணிக்கை தவறு

டிக் தொலையவில்லை, இருந்தும் உங்கள் நொடிக் கணக்கு பிந்துகிறது என்றால் டாஸ்க்கின் சுழற்சியைப் பாருங்கள். சாதாரண டாஸ்க் டிலே, அழைத்த கணத்திலிருந்து எண்ணத் தொடங்கும். 1000 மில்லிசெகண்ட் டிலே போட்டு, இடையில் வேலைக்கு 3 மில்லிசெகண்ட் ஆனால், ஒரு சுற்று 1003 மில்லிசெகண்ட். அந்தச் சுற்றுகளை நொடி என்று எண்ணினால் நாளைக்கு 258 நொடி குறையும். டிலே-அன்டில் வகை ஃபங்ஷன் முந்தைய விழிப்பு நேரத்திலிருந்து எண்ணுவதால் இது நடக்காது. குறித்த கால இடைவெளியில் ஓட வேண்டிய டாஸ்க் எல்லாவற்றுக்கும் அதுதான் சரி.

டிக் வேகம் 100 என்று வைத்திருந்தால், 25 மில்லிசெகண்ட் கேட்டாலும் மீதியை வெட்டி இரண்டு டிக்தான் கிடைக்கும். நொடியின் பின்னங்களை ஃப்ளோட்டில் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இலக்கைத் தவறவிட்டதில் 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பத்தில் ஒரு நொடியை 24 பிட்டில் வெட்டிச் சேமித்ததால், 100 மணி நேரத்தில் சேர்ந்த பிழை 0.34 நொடி. நேரத்தை முழு எண்ணில் வையுங்கள்; காட்டும்போது மட்டும் வகுங்கள்.

டிக்லெஸ் ஐடில் (வேலை இல்லாதபோது டிக்கை நிறுத்திவிட்டு உறங்கும் முறை) இயக்கியிருந்தால், ஒவ்வொரு உறக்கத்திலும் சிஸ்டிக் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கும்போது மிகச் சிறிய பிசகு சேரும். ஃப்ரீஆர்டிஓஎஸ் மூலக்கோடின் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அதை அணைத்துவிட்டு மீண்டும் ஒரு மணி நேரம் அளந்தால் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

படி 7: கடைசியாகக் கிரிஸ்டல்

ஆர்டிசி எந்த மூலத்தில் ஓடுகிறது என்பது முதல் கேள்வி. உள் ஆர்சி ஆசிலேட்டர் பெயரளவில் 40 கிலோஹெர்ட்ஸ் என்றாலும், 30 முதல் 60 வரை எங்கும் இருக்கலாம். நேரம் காட்ட அது உதவாது.

32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் கெபாசிட்டரைப் பாருங்கள். கிரிஸ்டலின் லோட் கெபாசிட்டன்ஸிலிருந்து (சரியாக ஓட அதற்குத் தேவை என்று தயாரிப்பாளர் குறிப்பிடும் கெபாசிட்டன்ஸ்) பிசிபியின் தற்செயல் கெபாசிட்டன்ஸைக் கழித்து இரண்டால் பெருக்கினால், இரு பக்கமும் போட வேண்டிய மதிப்பு வரும். கூடுதலாகப் போட்டால் கடிகாரம் பிந்தும், குறைந்தால் முந்தும். இந்தச் சிப்புக்கு 7 பிகோஃபாரட் அல்லது அதற்குக் குறைவான கிரிஸ்டல்தான் வேண்டும், 12.5 பிகோஃபாரட் வேண்டவே வேண்டாம் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. கிரிஸ்டல் முனையில் புரோபை வைத்து அளக்காதீர்கள். புரோபின் கெபாசிட்டன்ஸே அதிர்வெண்ணை மாற்றிவிடும். புளூ பில்லில் அந்த இரு முனைகளும் ஹெடர் பின்னுக்கும் வருகின்றன. அங்கே வயர் எதுவும் இணைக்காதீர்கள். அளப்பதற்கு ஆர்டிசி கடிகாரத்தை 64-ஆல் வகுத்து பிசி13 பின்னில் வெளியே விடும் வசதி இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் வர வேண்டும்.

இந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் நேராக ஓடும். அதிலிருந்து விலகும் டிகிரியின் வர்க்கத்துக்கு சுமார் 0.034 பிபிஎம் வீதம் பிந்தும். சூடானாலும் குளிர்ந்தாலும் பிந்தும்தான், முந்தாது. 45 டிகிரியில் 13.6 பிபிஎம். வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் 60 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 42 பிபிஎம், நாளைக்கு மூன்றரை நொடிக்கு மேல்.

படி 8: இப்போது திருத்தலாம்

டிக் தொலைவது நின்று, மீதமிருப்பது நிலையான ஒரு சில பிபிஎம்தான் என்று ஆன பிறகு ஆர்டிசியைத் திருத்துங்கள். இந்தச் சிப்பின் கேலிபரேஷன் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு அலகும் 0.954 பிபிஎம் மெதுவாக்கும். 121 பிபிஎம் வரை போகலாம். வேகப்படுத்த மட்டும் வழி இல்லை. பிந்தும் கடிகாரத்துக்கு ஒரு தந்திரம் உண்டு: ஆர்டிசி ப்ரீஸ்கேலரை 32,767-க்குப் பதில் 32,766 என்று வைத்தால் 30.5 பிபிஎம் வேகமாகும். 13 பிபிஎம் பிந்தியது இப்போது 17.5 முந்தும். ரெஜிஸ்டரில் 18 எழுதினால் 17.2 குறைந்து, மிச்சம் 0.3 பிபிஎம்தான்.

வெப்பம் ஏறி இறங்கும் இடம் என்றால் ஒரே எண்ணால் சமாளிக்க முடியாது. டிஎஸ்3231 போன்ற, வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் சிப்பை வாங்கிவிடுங்கள். 0 முதல் 40 டிகிரி வரை 2 பிபிஎம்முக்குள் நிற்கும். நாள்-மணி-நிமிடத்தை அதிலிருந்து எடுங்கள். டிக்கை டாஸ்க்குகளின் நேர ஒழுங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்கு இணைய வசதி இருந்தால் என்டிபியையும் இப்போது சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிசெகண்ட் திருத்தியது என்பதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் யாராவது ஒரு புது லைப்ரரியைச் சேர்த்து டிக் மறுபடி தொலையத் தொடங்கினால், அந்த எண் பெரிதாவதிலேயே தெரிந்துவிடும்.