மீன் பெட்டிக்குள் மியூவான்: முகில் அறை செய்முறை

முகில் அறை என்பது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓடிய தடத்தை ஆல்கஹால் துளிக் கோடுகளாகக் காட்டும் பெட்டி. விண்ணிலிருந்து வரும் கதிர்களால் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகளை இதில் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல் பக்கம் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒன்றை நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். அதோடு 30×20 செ.மீ. வாயும் 20 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி, அந்த வாயைவிடச் சற்றுப் பெரிய அலுமினியத் தகடு, ஃபெல்ட் துணி, 3 கிலோ டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மி.லி. வேண்டும். 70 சதவீத ஸ்பிரிட் ஆகாது. அதிலுள்ள தண்ணீர்தான் வேலையைக் கெடுக்கும்.

தகட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். தொட்டியின் உள்ளடியில் ஃபெல்ட்டைக் காந்தங்களால் பிடித்து நிறுத்துங்கள்; பசையை ஆல்கஹால் இளக்கிவிடும். பெட்டியில் டிரை ஐஸைப் பொடித்துச் சமமாகப் பரப்பி, மேலே தகட்டை வையுங்கள். ஃபெல்ட்டைச் சொட்டாத அளவுக்கு நனைத்து, தொட்டியைத் தகட்டின்மேல் கவிழ்த்து, விளிம்பைச் சிறுவர் விளையாடும் கிளேயால் அடைத்துவிடுங்கள்.

டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை கட்டாயம். ஒரு கிலோ ஆவியானால் 500 லிட்டருக்குக் குறையாத கார்பன் டை ஆக்சைடு, ஆகவே ஜன்னல் திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் தீ கூடாது.

விளக்கை அணைத்து, எல்இடி டார்ச்சைத் தகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். முதலில் தூறல் மாதிரி துளிகள் விழும். 10–15 நிமிடத்தில் தகட்டுக்கு மேலே ஒரு செ.மீ. அளவு அடுக்கில் கோடுகள் தெரியும். எதுவும் தெரியாவிட்டால், பெரும்பாலும் விளிம்பில் காற்று புகுகிறது, அல்லது தகடு ஐஸில் சரியாகப் படியவில்லை. இடவப்பாதி மழைக்கால ஈரத்தில் தொட்டியைத் திறந்து பார்த்தால் தகடெல்லாம் உறைபனிதான்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. மணவாளக்குறிச்சிக் கருமணலில் மோனசைட் என்ற கனிமம், அதில் கதிரியக்கமுள்ள தோரியம். குட்டையாக, தடித்த கோடு கண்டால் அது ஆல்ஃபா துகள், பெரும்பாலும் மண்ணிலிருந்து கசிந்து காற்றில் கலந்த கதிரியக்க வாயுவால் வருவது. சுருண்டு வளைவது எலக்ட்ரான். நேராக, மெல்லியதாக நீண்டு ஓடுவதே பெரும்பாலும் மியூவான். மணலை அள்ளி உள்ளே வைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வருவது.

கடல்மட்டத்தில் சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான். ஆனால் செங்குத்தாக வருவது மெல்லிய அடுக்கைச் சட்டெனக் கடந்து புள்ளியாகவே தெரியும். நீளக் கோடெல்லாம் சாய்ந்து வந்தவை. மேலே 15 கி.மீ. உயரத்தில், விண்ணிலிருந்து வந்த புரோட்டான் காற்றணுவில் மோதிய பின் பிறந்தவை இந்த மியூவான்கள். ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளிவேகத்தில் போனாலும் 660 மீட்டர்தான் கணக்கு. ஐன்ஸ்டைன் சொன்ன கால நீட்சியால்தான் (மிக வேகமாகப் போகும் பொருளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவது) உங்கள் தகடுவரை வந்து சேர்கின்றன.