இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே ஆள் எடுக்கும் குழுவில் சில காலம் இருந்தேன். "எங்க டீம்ல ஏழு மாநிலத்துக்காரங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஏழு பேருமே படித்த பெற்றோர், ஆங்கிலப் பள்ளி, கோச்சிங் சென்டர் என்று ஒரே வழியாக வந்தவர்கள். எங்கள் அறையைத் துடைக்கும் அக்கா ஸ்ரீராம்புரத்துத் தமிழ்க்காரர். அவர் மகன் பி.இ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய ரெஸ்யூமே எங்கள் மேசைக்கு வரவே இல்லை. உள்ளே இருப்பவர்கள் சிபாரிசு செய்ததைத்தான் முதலில் திறப்போம்.

இந்த மாநிலக் கலவையையே சமூக நீதி என்று நினைப்பது முதல் தவறு. தனியார் வேலையில் சாதிவாரி இடஒதுக்கீட்டுக்குச் சட்டமே இல்லை. அதனால் டைவர்சிட்டி என்று சொல்லி எதை எண்ணுவது, எதை விடுவது என்பதை நிறுவனமே முடிவு செய்துகொள்கிறது.

அடுத்த தவறை இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர்களே செய்கிறோம். எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். "பலதரப்பட்டவர்கள் இருந்தால் குழு நன்றாக யோசிக்கும், அதனால் இடஒதுக்கீடு வேண்டும்" என்கிறோம். அப்படியென்றால் அந்தப் பையனுக்கு வேலை கிடைப்பது அவனுடைய உரிமையால் இல்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு அவனால் ஆகும் லாபத்தால். லாபம் இல்லை என்று நாளைக்கு ஒருவர் கணக்குக் காட்டினால் என்ன செய்வோம்? அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 1978-ல், மாணவர் சேர்க்கையில் சிறுபான்மையினருக்கு இடம் ஒதுக்கியதை எதிர்த்து வந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பவல், சமூகம் இழைத்த அநீதிக்குப் பரிகாரம் என்ற காரணத்தை ஏற்கவில்லை. மாணவர்களிடையே பன்முகத்தன்மை வேண்டும் என்பதை மட்டும் ஏற்றார். 2023-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில், பன்முகத்தன்மையால் வரும் பலன்களை அளந்து பார்க்க வழியில்லை என்று உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது.

நம்முடைய அடித்தளம் வேறு. அரசியலமைப்பின் 16(4) பேசுவது, அரசுப் பணியில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினரைப் பற்றி. கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் விழுந்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம், பிற்படுத்தப்பட்டவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4)-ஐக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1918-ல், மைசூர் அரசு மில்லர் குழுவை அமைத்தது. அரசு வேலைகளைப் பிராமணர்களே நிறைத்திருக்கிறார்கள் என்ற புகார்தான் அதற்குக் காரணம். அன்று கேட்டதும் பங்குதான்.

அதற்காகப் பன்முகத்தன்மை வீண் என்று சொல்லிவிடவும் கூடாது. கர்நாடக அரசுப் பணியில் பதவி உயர்வுக்கான இடஒதுக்கீடு பற்றிய வழக்கில், 2019-ல், சமூகத்தின் பல பிரிவினருக்கும் இடம் தருவது நிர்வாகத் திறனில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். சரி, அது நல்ல பலன். உரிமையின் இடத்தில் அதை வைக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம், உள்ளே வந்தவரை ஒரு சமூகத்துக்கே வாயாக்குவது. அக்காவின் மகனுக்குப் பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. முதல் வாரக் கூட்டத்திலேயே, "உங்க ஏரியா ஜனங்க இந்த ஆப்பை எப்படிப் பார்ப்பாங்க?" என்று கேட்டார்களாம். அவன் போயிருந்தது டேட்டாபேஸ் வேலைக்கு.