அடுக்குமாடிக் கட்டட நிர்வாகியின் தீப்பாதுகாப்புக் கடமைகள்

கோலாலம்பூரில், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக இருக்கும் ஒரு கட்டடத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்பவர், கோப்புகளைப் புரட்டுவதற்கு முன்பு மின்தூக்கியில் உச்சி மாடிக்குச் சென்று, அவசரப் படிக்கட்டு வழியாக நடந்தே இறங்கி வர வேண்டும். கையில் ஒரு டார்ச் விளக்கும் குறிப்பேடும் போதும். பராமரிப்புக் குத்தகையாளர் தரும் அறிக்கையில் எல்லாக் கட்டங்களிலும் சரிக்குறி இருக்கும். படிக்கட்டில் காண்பது பெரும்பாலும் வேறாக இருக்கும்.

ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குச் செல்லும் தீத்தடுப்புக் கதவைப் பாதியளவு திறந்து கையை எடுத்துவிடுங்கள். அது தானாகவே சென்று மூடி, தாழும் விழ வேண்டும். இடுக்கு விட்டு நின்றுவிட்டால் அந்தக் கதவு இருந்தும் இல்லாததுதான். புகை அந்த இடுக்கின் வழியே புகுந்து, படிக்கட்டுக் கூண்டைப் புகைபோக்கியாக்கிவிடும். செந்தூலில் நான் கவனித்துவந்த கட்டடம் ஒன்றில், ஏழாம் மாடிக் கதவின் அடியில் நான்காக மடித்த அட்டைத் துண்டு ஒன்று எப்போதும் செருகப்பட்டிருக்கும். இருமுறை எடுத்தெறிந்தேன், மறுநாளே வேறொன்று வந்துவிட்டது. விசாரித்தபோது, அம்மாடியில் வசித்த மூதாட்டி ஒருவருக்குக் கதவைத் தள்ளித் திறக்க வலுவில்லை என்பது தெரிந்தது. கதவின் மேலுள்ள மூடும் கருவியின் திருகைச் சற்றுத் தளர்த்தி, கதவு முழுமையாக மூடுகிறதா என்று மீண்டும் சோதித்த பிறகு, அட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருந்தால் இது தீர்ந்திருக்காது.

திருட்டுக்குப் பயந்து அவசரக் கதவுக்குப் பூட்டுப் போடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்பது சட்டம். 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் சமயப் பள்ளி விடுதியொன்றில் மூண்ட தீயில் 23 பேர் மாண்டனர். சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்ததால் பலர் வெளியேற முடியவில்லை.

நடைபாதையில் சேரும் காலணி அடுக்குகள், பழைய மெத்தை, மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றை அகற்ற நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. பல உரிமையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் கட்டடங்களுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி நடைபாதை பொதுச் சொத்து. தேதியுடன் படம் எடுத்து, கெடு குறிப்பிட்டு எழுத்து மூலம் அறிவித்துவிட்டு அகற்றுங்கள். தீபாவளி, கார்த்திகை நாட்களில் வாசலில் அகல் ஏற்றுவதைத் தடைசெய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. தட்டின் மேல் வைத்து, காலணி அடுக்குக்கும் திரைச்சீலைக்கும் எட்டாத தொலைவில் ஏற்றி, உறங்கப் போகுமுன் அணைக்கச் சொன்னால் மக்கள் கேட்பார்கள்.

அடுத்தது தண்ணீர். தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து உச்சி மாடி 18.3 மீட்டருக்கு மேல், ஆனால் 30.5 மீட்டருக்குள் இருந்தால் டிரை ரைசர், அதாவது தீயணைப்பு நீரை மாடிகளுக்கு ஏற்றும் செங்குத்துக் குழாய், வேண்டும். அதையும் தாண்டினால் எப்போதும் நீர் நிறைந்திருக்கும் வெட் ரைசர் வேண்டும் என்று 1984ஆம் ஆண்டு ஒருசீர் கட்டடத் துணைச்சட்டங்கள் கூறுகின்றன. டிரை ரைசர் வெறுங்குழாய். தீயணைப்பு வண்டிதான் அதற்குள் நீரைச் செலுத்தும். பழைய பித்தளைக்கு விலை உள்ளவரை சுருட்டிவைத்த தீயணைப்புக் குழாயான ஹோஸ் ரீலின் முனைகளும் ரைசரின் வால்வுகளும் களவு போய்க்கொண்டேதான் இருக்கும்; ஆகவே பெட்டிக் கதவை வெளியிலிருந்து பார்த்துத் திருப்தியடையாமல் திறந்து எண்ணுங்கள். பிறகு ஒரு ஹோஸ் ரீலைத் திறந்து நீரை விடுங்கள். அழுத்தம் குறைந்ததும், யாரும் தொடாமலே பம்ப் இயங்கத் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் பம்ப் அறைக்குச் சென்று முதலில் சுவிட்சைப் பாருங்கள்: சோதனைக்கு வந்த குத்தகையாளர் அதை ‘ஆட்டோ’ நிலைக்குத் திருப்ப மறந்து போயிருப்பதுதான் நான் அதிகம் கண்ட கோளாறு.

தீயணைப்பான்களைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் சோதித்து ஒட்டும் ஒட்டியின் தேதியையும், அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்பதையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். தீ எச்சரிக்கை மணியின் கட்டுப்பாட்டுப் பலகை அப்படியன்று. பொய் மணி அடிக்கடி ஒலித்தால் காவலர் அதன் ஒலியை நிறுத்திவைத்துவிடுவார். பிறகு யாருக்கும் நினைவிருக்காது. எந்த மாடியின் உணர்கருவி பொய்யாக மணியை எழுப்புகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, அந்த ஒன்றை மட்டும் மாற்றச் செய்யுங்கள்.

சட்டப் பொறுப்புக்கு அடிப்படை 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம், அதாவது சட்டம் 341. தங்குவிடுதி, மருத்துவமனை, பேரங்காடி, அலுவலகம், தொழிற்சாலை என அரசாணையில் குறிக்கப்பட்ட வகையிலும் அளவிலும் அடங்கும் கட்டடங்கள் மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறையான போம்பாவின் தீச்சான்றிதழைப் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அபராதத்துக்கும் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. உங்கள் கட்டடம் அப்பட்டியலில் இல்லையென்றால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். அடைபட்ட வழியும் இயங்காத கருவியும் சட்டத்தின் பார்வையில் தீ ஆபத்துகளே. அவற்றை நீக்கும்படி போம்பா நோட்டீஸ் கொடுக்கலாம். குத்தகையாளரிடம் வேலையை ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

பணமில்லை என்று நிர்வாகக் குழு தட்டிக்கழித்தால், கோளாறையும் அதற்கான செலவையும் எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். பம்ப் மாற்றுவது போன்ற பெருஞ்செலவுக்குப் பராமரிப்புக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. பெருஞ்செலவுகளுக்கென உரிமையாளர்களிடம் தனியே திரட்டும் சேமநிதி இருப்பதே இதற்காகத்தான். கட்டடத்துக்குத் தீக்காப்பீடு எடுப்பதும் நிர்வாகத்தின் சட்டக் கடமை என்பதால், இழப்பீடு கோரும் நாளில் இந்தக் குறிப்பேடு உங்கள் பக்கம் பேசும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியேற்றப் பயிற்சி நடத்துங்கள். சக்கர நாற்காலியில் இருப்போர், படுத்த படுக்கையாக இருப்போர் வசிக்கும் வீட்டு எண்களின் பட்டியல் காவல் சாவடியில் இருக்க வேண்டும். நம் ஊர்க் காவலர்களில் பலர் நேபாளிகள். 999ஐ அழைத்துச் சொல்ல வேண்டிய முகவரியையும், ரைசர் நுழைவாய் இருக்குமிடத்தையும் அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டுங்கள். தீயணைப்பு வண்டி வரும் பாதையில் இரட்டை வரிசையாகக் கார் நிறுத்துவோரின் கைப்பேசி எண்களையும், குறிப்பாக விருந்தினர் குவியும் பண்டிகை இரவுகளில், அதே சாவடியில் எழுதி வாங்கிவைப்பது அவசியம்.