துறைமுகப் பீரங்கிகளைப் பற்றி நாம் தப்பாகப் புரிந்துகொள்பவை

கடற்கரைப் பீரங்கி என்று பேச்சு எடுத்தாலே யாராவது சிங்கப்பூரை இழுத்துவிடுவார்கள். "பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்தே நின்றது, ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷார் அங்கு வைத்திருந்த பீரங்கிகளில் பலவற்றை நிலத்தின் பக்கம் திருப்ப முடிந்தது. ஜப்பான் படை வந்த வடக்குக் கரையான ஜொகூர் பக்கம் சுடவும் செய்தார்கள். சிக்கல் குண்டில் இருந்தது. போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென்று செய்த குண்டுகள்தான் பெரும்பாலும் கையிருப்பில் இருந்தன. அவை மண்ணில் ஆழப் புதைந்து வெடிக்கும், பரவி நிற்கும் காலாட்படைக்குப் பெரிய சேதம் வராது. எனவே ஒரு பீரங்கித் தளத்தை எடைபோடும்போது குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், கிடங்கில் என்ன குண்டு இருந்தது என்றும் கேளுங்கள்.

பெரிய குழாய்தான் பெரிய பாதுகாப்பு என்று நினைப்பது அடுத்த தவறு. பிரிட்டிஷ் துறைமுகங்களில் தூரத்துப் போர்க்கப்பலுக்கு 9.2 அங்குலம் (குழாயின் உள்விட்டம்), கிட்ட வருபவற்றுக்கு 6 அங்குலம், சீறிவரும் சின்னப் படகுகளுக்கு 6 பவுண்டர் (சுமார் 6 பவுண்டு எடைக் குண்டு சுடும் சிறு பீரங்கி) இரட்டைக் குழாய் என்று வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். 1941 ஜூலை 26 விடியும் முன் பிரிட்டிஷ் வசமிருந்த மால்டா தீவின் பெரிய துறைமுகத்துக்குள் நுழைய இத்தாலியர்கள் வெடிமருந்து நிரப்பிய படகுகளை அனுப்பினார்கள். தேடொளி விளக்குகள் எரிந்தன. செயின்ட் எல்மோ கோட்டையின் இந்தக் குட்டிப் பீரங்கிகள் சில நிமிடங்களில் கதையை முடித்துவிட்டன. 9.2 அங்குலப் பீரங்கி அத்தனை வேகமாக ஓடும் படகைத் துரத்திச் சுட முடியாது.

என்னைக் கேட்டால், பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது தூரம் அளக்கும் வேலையைத்தான். குன்றின் மேல் ஒரு தொலைநோக்கி இருக்கும். அது கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது முன்பே தெரியும். கப்பலின் நீர்க்கோட்டைப் பார்க்க அதை எவ்வளவு தாழ்த்த வேண்டியிருக்கிறதோ, அந்தக் கோணத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள். சரி, கடல் ஏறி இறங்குமே? நிலையம் 50 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓதம் 1 மீட்டர் ஏறியதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 100 மீட்டர் பிசகிவிடும். அப்புறம் கப்பலும் சும்மா நிற்காது. 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் கப்பல், குண்டு 30 விநாடி பறப்பதற்குள் 300 மீட்டர் தாண்டியிருக்கும். இருக்கும் இடத்தைக் குறிபார்த்தால் தண்ணீரில்தான் விழும்.

பழைய பீரங்கி என்றாலே உதவாது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1940 ஏப்ரல் 9 அதிகாலை, நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவுக்குப் போகும் நீர்வழியில் ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டையின் இரண்டு 28 செ.மீ. பீரங்கிகள் ஆளுக்கொரு குண்டு சுட்டன. அவற்றுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டுமே ஜெர்மனியின் புத்தம் புதிய ப்ளூஹர் கப்பலில் பட்டன. குறுகலான அந்த இடத்தில் தூரம் 2 கிலோமீட்டர்கூட இல்லை. கரையிலிருந்து விட்ட டார்பிடோக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன, கப்பல் மூழ்கியது.

எத்தனை கப்பலை மூழ்கடித்தது என்று மட்டும் எண்ணுவதும் தவறுதான். 1915 மார்ச் 18 அன்று துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைய முயன்ற பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகளின் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கியதற்கு முக்கியக் காரணம் கண்ணிவெடிகள். அந்தக் கண்ணிகளை அகற்ற வந்த சின்னப் படகுகளை அண்ட விடாமல் விரட்டியது கரைப் பீரங்கிகள். இது எந்தக் கணக்கிலும் வராது.

எப்போதாவது இப்படிப்பட்ட பழைய தளம் ஒன்றுக்குப் போனால், பீரங்கிக் குழியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மேலே ஏறினால் நீளமான சன்னல் பிளவு வைத்த ஒரு சிறு கான்கிரீட் அறை தட்டுப்படலாம், தூரம் அளந்த ஆட்கள் உட்கார்ந்த இடம் அது. கீழே தண்ணீரை ஒட்டித் தேடொளி விளக்கு வைத்த மாடம் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.