ஸ்கேனில் ஈரல் கட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் 'ஈரலில் சிறு கட்டி' என்று எழுதி வந்ததும் புற்றுநோய்தான் என்று முடிவுகட்டாதீர்கள். அல்ட்ராசவுண்டில் கட்டியின் இடம், அளவு, அது நீரா சதையா என்பது தெரியும். இன்ன கட்டி என்று பல நேரம் தெரியாது. ஈரல் நோய் இல்லாதவரிடம் தற்செயலாகத் தென்படுபவை பெரும்பாலும் நீர்க்கட்டியோ, ஹீமாஞ்சியோமா எனும் ரத்தக்குழாய்க் கட்டியோதான். கொழுப்பு ஈரலில் கொழுப்பு படியாமல் விட்டுப்போன இடம்கூட கட்டி போலக் கருப்பாகத் தெரியும்.

அதே 2 செ.மீ. கட்டி, ஈரல் சுருங்கியவரிடமோ ஹெபடைட்டிஸ் பி எனும் ஈரல் கிருமித் தொற்று உள்ளவரிடமோ இருந்தால் கதையே வேறு, புற்றாக இருக்க வாய்ப்பு கூடுதல். குடியாலும் ஈரல் சுருங்கும். அதனால்தான் குடியை மறைப்பது பெரிய தவறு. எத்தனை வருஷம், நாளுக்கு எவ்வளவு என்று மனைவி, மக்கள் பக்கத்தில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். முன்பு மார்பகத்திலோ குடலிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும், கருத்தடை மாத்திரை, ஜிம்மில் போட்ட ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

செலவு குறையும் என்று சாதா சி.டி. எடுப்பது பணத்துக்குத்தான் கேடு. மருந்து செலுத்தி மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். ஈரல் புற்று முதல் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து, பிறகு மங்கும். ஹீமாஞ்சியோமா ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிறையும். மருந்து செலுத்தும் முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லுங்கள்.

ஈரல் புற்றுக்காகப் பார்க்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. புற்று இருந்தும் அது ஏறாமல் இருப்பதுண்டு. மூன்று கட்ட ஸ்கேனுக்கு முன்னால், சதை எடுத்துப் பார்க்க ஊசி குத்தவும் அவசரப்பட வேண்டாம். ஹீமாஞ்சியோமாவில் ரத்தம் கசியலாம். நாய்களிடமிருந்து தொற்றும் புழுவால் வரும் ஹைடாடிட் நீர்க்கட்டி உடைந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும்.

காய்ச்சலும் வலது விலாவடியில் வலியும் இருந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அமீபா சீழ்க்கட்டி குடிப்பழக்கமுள்ள ஆண்களிடம் அதிகம். அதற்குத் தரும் மெட்ரோனிடசோலில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். குடலில் தங்கிய அமீபாவுக்குத் தனி மாத்திரை உண்டு, அதையும் முடிக்க வேண்டும்.

கீழாநெல்லியை அரைத்துக் குடித்து ஒரு மண்டலம் பார்ப்போம் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். 3 செ.மீ.க்குள் இருக்கும் புற்றை ஊசி வழியே வெப்பம் செலுத்தி அழிக்க வாய்ப்புண்டு. வளர்ந்தால் அந்த வழி குறுகும். ஈரல் சுருக்கம் உள்ளவரிடம் 1 செ.மீ.க்குக் குறைவான கட்டி என்றால் 3 மாதத்தில் மறுஸ்கேன்.

மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ எடுத்துவிட்டு தஞ்சாவூருக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பழைய படம், ஸ்கேன் பதிந்த குறுந்தகடு எல்லாம் பையில் இருக்கட்டும். கட்டி வளர்ந்ததா என்பதை அவற்றை ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள்.