எம்.எஃப்.சி.யில் டெம்ப்ளேட் கிளாஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எஃப்.சி. என்பது விண்டோஸ் புரோகிராம்களை சி++ மொழியில் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் கிளாஸ் தொகுப்பு; 1992-ல் வந்தது. எந்த மெசேஜ் (கிளிக் போன்ற நிகழ்வை விண்டோஸ் தெரிவிக்கும் செய்தி) எந்த ஃபங்ஷனுக்குப் போக வேண்டும் என்பதை அதில் மேக்ரோக்களே, அதாவது கம்பைலுக்கு முன் கோடாக விரியும் சுருக்கப் பெயர்களே, தீர்மானிக்கின்றன. பட்டன், லிஸ்ட் எல்லாவற்றுக்கும் பொதுவான வேலையை ஒரே டெம்ப்ளேட் கிளாஸில் (டைப்பைப் பாராமீட்டராக வாங்கும் கிளாஸில்) எழுதப் போனால் அங்கேதான் சிக்கல். மேக்ரோவுக்கு டைப் எதுவும் தெரியாது, எழுத்தை வெட்டி ஒட்ட மட்டுமே தெரியும்.

மெசேஜ் மேப், அதாவது எந்த மெசேஜுக்கு எந்த ஃபங்ஷன் என்ற பட்டியலைத் தொடங்கும் வழக்கமான பிகின்_மெசேஜ்_மேப் மேக்ரோவைப் போட்டால் கம்பைல் ஆகாது. அது விரித்து எழுதும் ஃபங்ஷன்களின் தலையில் ‘டெம்ப்ளேட்’ வரி இருக்காது. இதற்கென்றே பிகின்_டெம்ப்ளேட்_மெசேஜ்_மேப் இருக்கிறது. அதையும் ஹெடர் ஃபைலிலேயே எழுதுங்கள்; சிபிபி ஃபைலில் வைத்தால், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் திட்டும். அந்த மேக்ரோ ஒரே ஒரு டைப் பாராமீட்டரைத்தான் ஏற்கும்.

பேஸ் கிளாஸுக்கு (மேக்ரோவுக்குக் கடைசியாகக் கொடுக்கும் தாய் கிளாஸுக்கு) இரண்டு பாராமீட்டர் இருந்தால் நடுவில் உள்ள கமாவை, மேக்ரோக்களை விரிக்கும் ப்ரீபிராசசர் அடுத்த ஆர்க்யுமென்ட் என்று எடுத்துக்கொள்ளும். கிளாஸுக்குள் ஒரு டைப்டெஃப் (டைப்புக்கு மாற்றுப் பெயர்) வைத்து, அந்தப் பெயரை மேக்ரோவுக்குக் கொடுத்தால் போதும்.

இவையெல்லாம் பில்ட் நேரத்திலேயே தெரிந்துவிடும். நான் உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு. உங்கள் டெம்ப்ளேட், எம்.எஃப்.சி.யின் லிஸ்ட் கிளாஸான சி-லிஸ்ட்-கண்ட்ரோலிலிருந்து வந்த உங்களுடைய இன்னொரு கிளாஸிலிருந்து வருகிறது என்று வையுங்கள். மேக்ரோவில் பேஸ் என்று சி-லிஸ்ட்-கண்ட்ரோலையே எழுதிவிட்டால் கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. விண்டோவும் திறக்கும். ஆனால் மெசேஜ் தேடும் சங்கிலி நடுவிலுள்ள கிளாஸைத் தாண்டிப் போய்விடும். அங்கே எழுதிய பெயின்ட், கிளிக் ஹேண்ட்லர்கள் (மெசேஜைக் கவனிக்கும் ஃபங்ஷன்கள்) கூப்பிடப்படவே மாட்டா. பிழைச் செய்தி இல்லாததால் தேடுபவர் ஹேண்ட்லருக்குள் பிரேக்பாயின்ட் வைத்துக் காத்திருப்பார், அது நிற்கவே நிற்காது. முதலில் பார்க்க வேண்டியது மேக்ரோவின் கடைசி ஆர்க்யுமென்டை. பேஸுக்கு ஒரு டைப்டெஃப் வைத்து எல்லா இடத்திலும் அதையே எழுதும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு பெரும்பாலும் வராது.

அப்புறம், ஓடும்போதே கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்க வழிசெய்யும் இம்ப்ளிமென்ட்_டைன்கிரியேட் மேக்ரோ. இது கிளாஸ் பெயரை இன்னொரு சொல்லோடு ஒட்டி ஒரு வேரியபிள் பெயர் செய்கிறது. கோண அடைப்புக்குறி உள்ள பெயரை அப்படி ஒட்ட முடியாது. டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு சாதாரண கிளாஸ் எடுத்து அதற்கு மட்டும் இந்த மேக்ரோவைப் போடுங்கள். பேஸ் இடத்தில் டெம்ப்ளேட்டுக்கும் மேலே உள்ள சி-வியூ போன்ற சாதாரண கிளாஸைக் கொடுக்கலாம். மெசேஜ் மேப்பில் கூடாத அந்தத் தாண்டல் இங்கே சரி, ஏனென்றால் டெம்ப்ளேட்டுக்கு ரன்டைம் கிளாஸ் தகவலே (இந்த மேக்ரோ உண்டாக்கும் அந்த வேரியபிளே) கிடையாது.