ஏர் ரைஃபிள் பெல்லட்டைக் கழுவி எண்ணெய் போடுவது எப்படி?

டப்பாவைத் திறந்த கையோடு பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் காரீயக் குண்டை, எடுத்துச் சுடுவதில் தப்பு எதுவும் இல்லை, 10 மீட்டரில் தாள் டார்கெட் சுடுகிறவர்கள் பலர் அப்படித்தான் சுடுகிறார்கள். ஆனால் ஒரே இடத்துக்குக் குறி வைத்தும் திசைக்கொன்றாகப் போகிறது என்றால், ரைஃபிளைத் திட்டுவதற்கு முன்னால் டப்பாவின் அடியைப் பாருங்கள். கறுப்பாகக் காரீயத் தூள் கிடக்கும். கடலூர் மாதிரிக் கடலோர ஊரில் மூடாமல் வைத்த டப்பா என்றால் பெல்லட் மேல் வெள்ளைப் பொடி வேறு படியும். அது காரீயம் காற்றிலும் ஈரத்திலும் அரித்தது, உடம்புக்கு ஆகவே ஆகாது. வெளுத்துப்போனதைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

மற்றதை வெள்ளைத் தாளில் கொட்டிப் பொறுக்குங்கள். பின்பக்க விளிம்பு, அதாவது பாவாடை மாதிரி விரிந்திருக்கும் பகுதி, நசுங்கியிருந்தால் அது வேண்டாம். பின்னாலிருந்து தள்ளும் காற்று அந்த விளிம்பைச் சுற்றித்தான் அடைபட வேண்டும்.

அளவும் ஒரு விஷயம். 4.5 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும் தலை அளவு 4.49, 4.50, 4.51, 4.52 என்று டப்பாவுக்கு டப்பா மாறும். விரலால் அழுத்தினால் பேரலுக்குள், அதாவது ரைஃபிளின் குழாய்க்குள், லேசாகப் பிடித்து உட்கார வேண்டும். தானாக வழுக்கிப் போனாலும் சரியில்லை, கட்டை விரல் வலிக்கிற அளவுக்கு அடம்பிடித்தாலும் சரியில்லை. எது ஒத்துப்போகும் என்பதை உங்கள் பேரல்தான் சொல்லும்.

கழுவுவது சுலபம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு, மெதுவாக அலசல், அவ்வளவுதான். காரீயம் மிருதுவானது, தேய்த்தால் சிதைந்துவிடும். இதற்கென்று ஒரு பழைய டப்பா ஒதுக்குங்கள், சமையலறைப் பாத்திரம் கூடவே கூடாது. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய துண்டில் பரப்பி ஃபேனுக்கடியில் விடுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி முழுக்கக்கூட ஆகலாம். உள்குழியில் ஈரம் நின்றால் மறுபடி வெள்ளைப் பொடிதான்.

அப்புறம் எண்ணெய். சுத்தமான சிலிக்கான் எண்ணெய் சில சொட்டு ஜிப் கவரில் விட்டு, கவரின் உள்பக்கம் முழுக்கத் தடவி, பெல்லட்டைப் போட்டு மெல்ல உருட்டுங்கள். தொட்டால் வழவழப்புத் தெரியலாம், விரலில் ஒட்டக் கூடாது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் காற்று ஒரே நொடியில் அமுங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். டமாரென்று சத்தம், புகை, கருகல் வாடை மூன்றும் வந்தால் அதுதான் டீசலிங், காற்றை அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். அதற்காக ஸ்பிரிங்குக்கும் சிலிக்கானை ஊற்றாதீர்கள், இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் அது தாங்காது.

எண்ணெய் போட்ட பெல்லட்டில் முதல் சில ரவுண்டு அலைபாயும். எண்ணெய் பேரலுக்குள் சீராகப் படிகிற வரைக்கும் ஸ்கோப் திருகைத் தொடாதீர்கள்.